கலோரி கணக்குப் பார்ப்பதை விட்ட பிறகும் எடை கூடாமல் ஒழுங்காகச் சாப்பிட முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

முடியும். நான் விட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. விட்ட மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் மட்டும் பொய்.

ஊர் குழித்துறை. வேலை களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பைசா சுத்தமாகச் சரிபார்க்கிறவள், சொந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு பேரேடு கிடைத்தால் விடுவேனா? 74 கிலோவில் இருந்தபோது கலோரி கணக்குப் போடும் ஆப் ஒன்றை ஃபோனில் இறக்கினேன். ஏழு மாதத்தில் 66. அதுவரை அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சுமார் 120 கலோரி, 100 கிராம் சோறும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

சிக்கல் அடுக்களையில் ஆரம்பித்தது. வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் தீயல் குழம்பை ஆப்பில் எப்படிப் பதிவது? எத்தனை ஸ்பூன் எண்ணெய் விட்டாய் என்று கேட்டால், அம்மா குப்பியைச் சரித்துக் காட்டி "இத்தறதான்" என்பார். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) வேகவைக்கும் முன் நிறுக்க வேண்டும் என்று நான் தராசும் கையுமாக நிற்பேன். தட்டில் வைக்கும்போது கேட்பார்: "மக்களே, இன்னைக்குக் கெழங்குக்கு எத்தற மார்க்கு?"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கே தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. காலைப் புட்டும் பயறும் போய் பாக்கெட் ஓட்ஸ் வந்தது. நாலு மணிக்கு எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் போய் பிஸ்கெட் வந்தது. காரணம், மட்டிப்பழத்தில் பார்கோடு கிடையாது. எண் அச்சடித்திருந்த எல்லாம் நல்ல சாப்பாடு, அம்மா கைப்பட ஆக்கியது எல்லாம் சந்தேகக் கணக்கு என்று ஆகிவிட்டது. அந்த அச்சடித்த எண்ணாவது துல்லியமா என்றால், மாவுச்சத்து, புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்ற சராசரியை வைத்துப் போடுவதுதான் வழக்கம். அமெரிக்க விதிப்படி லேபிளில் உள்ளதைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் குற்றமில்லை. எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

விட்டது ஒரு ராத்திரி. பத்தரை மணி, பசியே இல்லை. ஆப்பில் அன்றைய கணக்கில் 140 கலோரி பாக்கி காட்டியது. அதை வீணாக்குவானேன் என்று பிஸ்கெட் டப்பாவைத் திறந்தேன். அதற்கு முந்தின நாள்தான் கணக்கு தீர்ந்துவிட்டது என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பசித்தபோது படுத்தவள், பசிக்காதபோது தின்கிறேன். அங்கேயே ஆப்பை அழித்தேன்.

இப்போது என்ன செய்கிறேன்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் தட்டில் பாதி காய்கறி, பழம் என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஒரு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), ஒரு அவியல் அல்லது கீரை என்றால் நிறைந்துவிடும். கிழங்கு காய்கறி அல்ல, சோற்றின் இடத்தில் வருவது. இதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் எங்கள் பக்கம் சோறும் தின்று அதன் மேல் கிழங்கும் மீனும் தின்பது சாதாரணம். கிழங்கு வைத்த நாளில் எனக்குச் சோறு கிடையாது. சாளை (மத்தி மீன்) கிடைக்கிற நாளெல்லாம் சாளைக் குழம்பு. ராத்திரி சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும். பசி அடங்கியதா என்று எனக்குத் தெரிய இருபது நிமிஷமாவது ஆகிறது, அதனால் இரண்டாம் தரம் வாங்கும் முன் எழுந்து பாத்திரம் ஒதுக்கப் போய்விடுவேன்.

எண்ணெயை மட்டும் இன்னும் எண்ணுகிறேன். ஆனால் ஸ்பூனில் அல்ல, மாதத்துக்கு. அதே வழிகாட்டி ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் என்கிறது. நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். குழம்பில் அரைக்கிற தேங்காய் வேறு இருப்பதால் நாங்கள் மூன்று லிட்டரோடு நிறுத்திவிடுகிறோம். அம்மா குப்பியை எப்படிச் சரித்தாலும் இருபத்தைந்தாம் தேதி தெரிந்துவிடும்.

இன்சுலின் போடுகிறவர்கள் மாவுச்சத்தைக் கணக்குப் பார்ப்பது வேறு விஷயம். டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டைக் கண்டாலே பயம் என்ற நிலைக்குப் போயிருந்தால், இந்த மாதிரிப் பதில்களைப் படிப்பதைவிட ஒரு மருத்துவரிடம் பேசுவது நல்லது.

ஆப்பை விட்ட முதல் வாரத்தில் 1.2 கிலோ ஏறியது. பயந்து மறுபடி ஆப்பை இறக்கிவிட்டேன், உண்மை. பிறகுதான் புரிந்தது, குறைத்துச் சாப்பிட்ட உடம்புக்குச் சோறு வந்ததும் அதைக் கிளைக்கோஜனாக, அதாவது சேமிப்பு மாவுச்சத்தாக, சேர்க்கும், ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் போலத் தண்ணீரும் சேரும். கொழுப்பு ஒரு வாரத்தில் அவ்வளவு ஏறாது. அதனால் நீங்கள் விடுவதானால் முதல் மூன்று வாரம் எடை மெஷினில் ஏறாதீர்கள், சுடிதாரின் இடுப்பு எப்படி நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு 68-இல் வந்து நின்றது. 66 திரும்பவில்லை. ஓணத்துக்கு ஆபீஸில் அடைப் பிரதமன் பாயசம் இரண்டு டம்ளர் குடிப்பதும் அந்த இரண்டு கிலோவில் இருக்கிறது.