இரவு நேர சாட்பாட் தொல்லை: சுங்கை சிப்புட் நண்பருக்கு

கடைகளுக்குச் சாட்பாட் (வாடிக்கையாளர் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்) செய்து தருகிறீர்கள், இரவிலும் செய்திகள் வந்து வீட்டில் சண்டையாகிறது என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர்களிடம் உங்கள் சொந்த நம்பர் இருப்பதுதான் சிக்கல். இன்னொரு சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, இரவு 8 முதல் காலை 9 வரை தானாகப் பதில் போகும்படி நேரம் குறித்து வையுங்கள். தொழிலை மூடுவதா, வீட்டில் தினம் சண்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம்.

சாட்பாட்டுக்கு விடை தெரியாத கேள்வியெல்லாம் நேரே உங்களுக்கு வரும்படி அமைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாளைக்குக் கடை திறப்பா என்று ஒருவர் கேட்டால் அது கடைக்காரர் போனுக்குப் போகட்டும். அதற்காகப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை விட்டு நீங்கள் எழுந்து போவானேன்?

சந்தேகம் இருந்தால், போன வார இரவுச் செய்திகளைத் திறந்து, காலை வரை விட்டிருந்தால் யாருக்காவது பணம் நஷ்டமாகியிருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மனைவியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கணக்கு கறாராக இருக்கும்!

ஒரு விஷயத்தில் கவனம். சாட்பாட் வாட்ஸ்அப் ஏபிஐயில் (நிரல்கள் வாட்ஸ்அப் வழியாகச் செய்தி அனுப்ப உதவும் இணைப்பு) ஓடினால், வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நம் விருப்பப்படி பதில் எழுத முடியும். அப்புறம் வாட்ஸ்அப்பிடம் முன்அனுமதி பெற்ற டெம்ப்ளேட் (முன்பே எழுதி வைத்த செய்தி) மட்டும்தான் போகும். அதனால் ஞாயிறு முழுக்க லீவு எடுப்பதானால் சனிக்கிழமை சாயந்திரம் வந்ததை அன்றே முடித்துவிடுங்கள். தீபாவளி முறுக்கு ஆர்டர் சமயத்தில் இரவு 8 மணிக்கு நிறுத்தும் கட்டுப்பாடு தாங்காது. அந்த வாரங்களுக்குத் தனிக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.