குளிர்ப் பகுதி ஸ்பார்க்லிங் ஒயின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திராட்சை சரியாகப் பழுக்காத தென் இங்கிலாந்தில் நல்ல ஸ்பார்க்லிங் ஒயின், அதாவது குமிழி விடும் ஒயின், எப்படிக் கிடைக்கிறது?

பதில்: பழுக்காமல் போவதில்லை, மெதுவாகப் பழுக்கிறது. வெப்ப நாடுகளில் சர்க்கரை விரைந்து ஏறும்போது அமிலம் சரிந்துவிடும். சசெக்ஸ், கென்ட், ஹாம்ப்ஷயர் பகுதிகளிலும் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்திலும் சர்க்கரை மிகுவதற்கு முன்பே மணம் கூடிவிடுகிறது, அமிலமும் குறையாமல் நிற்கிறது. சாதாரண ஒயினுக்குக் குறைபாடாகத் தோன்றும் இந்நிலையே இங்கு மூலதனம். முதல் நொதித்தலில் வரும் ஒயினில் ஆல்கஹால் 10 அல்லது 11 சதவீதம் இருந்தால் போதும். மீதியைப் பாட்டிலுக்குள் நிகழும் இரண்டாம் நொதித்தல் சேர்த்துக்கொள்ளும். இதற்கான விலை வசந்தகால உறைபனியில் கொடுக்கப்படுகிறது. துளிர்த்த மொட்டுகளைக் காக்க இரவெல்லாம் கொடிவரிசைகளில் பெரிய மெழுகுவர்த்திகளை ஏற்றி வைக்கும் தோட்டங்கள் அங்கே உண்டு.

சுண்ணாம்புப் பாறை நிலமே காரணம் என்று பலரும் சொல்வார்கள். என் கணிப்பில் அதற்குத் தகுதிக்கு மிஞ்சிய புகழ் சேர்ந்துவிட்டது. 1988-இல் ஷாம்பெயின் திராட்சை வகைகளை நட்டு இங்கிலாந்துக்குப் பெயர் வாங்கித்தந்த நைடிம்பர் தோட்டத்தின் சசெக்ஸ் நிலம் பச்சை மணற்கல் நிலம்தான். வடிகாலும் தட்பவெப்பமுமே முதலில் பார்க்க வேண்டியவை.

கேள்வி: லேபிளில் ‘பாரம்பரிய முறை’ என்றிருந்தால் உள்ளே என்ன நடந்திருக்கும்?

பதில்: முதல் ஒயினுடன் ஈஸ்ட்டையும், லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையையும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடிவிடுவார்கள். சர்க்கரை தீரும்போது ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் கூடியிருக்கும். வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினில் கரைந்து, 5 முதல் 6 வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்கியிருக்கும்.

குமிழி இவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது. சுவைதான் காத்திருக்கச் செய்கிறது. இறந்த ஈஸ்ட் செல்கள் படிவாகக் கிடந்து சிதையும்போது, புதிதாகச் சுட்ட ரொட்டியை நினைவூட்டும் மணமும் நாவில் ஒரு மென்மையும் ஒயினில் இறங்குகின்றன. லேபிளில் அறுவடை ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின் ஒயின் குறைந்தது 15 மாதங்கள் பாட்டிலில் இருக்க வேண்டும், அதில் 12 மாதங்கள் படிவின் மேல் என்பது விதி. ஆண்டு குறிப்பிட்டதற்கு 3 ஆண்டுகள். இத்தனை காலமும் ஒயினைத் தாங்கி நிற்பது மேலே சொன்ன அமிலம்தான். அது குறைந்த ஒயின் நீண்ட காத்திருப்பில் சோர்ந்துவிடும்.

பிறகு பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, படிவைக் கழுத்தில் சேர்த்து, கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறப்பார்கள். உள்ளழுத்தமே படிவுக் கட்டியை வெளியே தள்ளிவிடும்.

கேள்வி: ப்ரூட் வகை புளிக்கிறது. எக்ஸ்ட்ரா ட்ரை இன்னும் புளிக்குமா?

பதில்: இல்லை, அதுதான் இனிப்பு கூடியது. இரண்டுமே ஒயினின் இனிப்பளவைக் காட்டும் லேபிள் பெயர்கள். ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம். படிவை நீக்கியபின் சேர்க்கும் இச்சர்க்கரை அமிலத்தைச் சமன்செய்கிறது. சர்க்கரையே சேர்க்காதது உயர்ந்தது என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. குளிரான ஆண்டின் ஒயினில் அது பல்லைக் கூசவைப்பதில்தான் முடியும்.

கேள்வி: பாட்டிலில் நுரைக்கச் செய்யும் இம்முறையைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுத் துறவி டாம் பெரிஞான் தானே?

பதில்: அவர் ஷாம்பெயினில் உள்ள ஓவில்லே மடத்துக்கு வந்தது 1668-இல். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை ஆங்கிலேய மருத்துவர் கிறிஸ்டோபர் மெரெட் 1662-இலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் குறிப்பிட்டுவிட்டார். ஆனால் படிவை நீக்கித் தெளிவாக்கும் நுட்பம் 19-ஆம் நூற்றாண்டில் ஷாம்பெயினில்தான் வளர்ந்தது. ஆகவே ஒருவரை மட்டும் கண்டுபிடிப்பாளர் என்பது பொருந்தாது.

கேள்வி: மீந்த பாட்டிலின் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகிவைத்தால் குமிழி தங்குமா?

பதில்: தங்காது. இறுக்கிப் பிடிக்கும் மூடியைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த ஒயினிலிருந்து வாயு மெதுவாகவே பிரியும்.