சுரங்கப் பங்கு: அறிவிப்பு வருகிறது, உற்பத்தி வரவில்லை (கேள்வி பதில்)

கேள்வி: என்னிடம் உள்ள சிறிய தங்கச் சுரங்க நிறுவனம் மூன்றாவது வருடமாக "அடுத்த ஆண்டு உற்பத்தி" என்கிறது. மாதாமாதம் முன்னேற்ற அறிவிப்பு மட்டும் வந்துவிடுகிறது. நம்பலாமா?

பதில்: பழைய அறிவிப்புகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எது உண்மையில் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை, ஆலோசகர் நியமனம், புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றே வந்தால் வேலை நகரவில்லை. ஆலைக்கு அஸ்திவாரம், மின் இணைப்பு, தாது அரைக்கும் மில்லுக்கு முன்பணம், இவைதான் நகர்வு. பெரிய மில் ஆர்டர் செய்து கைக்கு வரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அதற்கு இன்னும் ஆர்டரே போகவில்லை என்றால் அந்தத் தேதியை மறந்துவிடுங்கள்.

அடுத்தது ரொக்கம். ஆஸ்திரேலியச் சந்தையில் பட்டியலான கனிமத் தேடல் நிறுவனங்கள் காலாண்டுதோறும் 'அப்பெண்டிக்ஸ் 5பி' என்ற பண வரவு செலவு அறிக்கை தர வேண்டும். கையில் உள்ள பணம் எத்தனை காலாண்டு தாங்கும் என்பது அதிலேயே இருக்கும். இரண்டுக்குக் குறைந்தால், இனி பணம் எங்கிருந்து வரும் என்றும் விளக்க வேண்டும். முன்னேற்ற அறிவிப்பைப் படிக்கும் முன் ரொக்க அறிக்கையைப் படியுங்கள்.

கேள்வி: "40 மீட்டருக்குச் சராசரி 5 கிராம்" என்று துளையிடல் முடிவு வந்திருக்கிறது. நல்லதுதானே?

பதில்: அதாவது 40 மீட்டர் நீளப் பாறையில் டன்னுக்குச் சராசரி 5 கிராம் தங்கம். மீட்டர்வாரி அட்டவணையைப் பாருங்கள். ஒரே ஒரு மீட்டரில் 180 கிராம், மீதி 39 மீட்டரில் அரை கிராம் என்றாலும் சராசரி 5 கிராம்தான் வரும்.

கேள்வி: எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? தாமதம் என்றாலே மோசடிதான்.

பதில்: இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. சுரங்க உலகின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று பிரீ-எக்ஸ். இந்தோனேசியாவின் பூசாங்கில் தங்கம் இருப்பதாகச் சொன்ன கனடிய நிறுவனம். அங்கே தாமதமா இருந்தது? கனிம வள மதிப்பீடு அறிவிப்புக்கு அறிவிப்பு ஏறிக்கொண்டே போனது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருந்தது 1997இல் அம்பலமானது. பாறை மாதிரியில் பாதியை மறுபரிசோதனைக்காக வைத்திருப்பது வழக்கம். அவர்கள் முழுவதையும் அரைத்துவிட்டார்கள். சந்தேகம் அங்கே வந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், தாமதம் வந்தும் மோசடி இல்லாத மங்கோலியாவின் ஓயு தோல்கோய் தாமிரச் சுரங்கம். நிலத்தடிப் பகுதிக்கு 16 முதல் 30 மாதம் வரை தாமதமாகலாம், செலவு 120 முதல் 190 கோடி டாலர் வரை கூடலாம் என்று 2019இல் அதை உருவாக்கிவந்த பெரிய சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ அறிவித்தது. பாறையின் உறுதி குறித்த சிக்கல் முக்கியக் காரணம். 2023இல் நிலத்தடி உற்பத்தி தொடங்கிவிட்டது.

கேள்வி: ரியோ டின்டோவிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. அதோடு எங்கள் சின்ன நிறுவனத்தை ஒப்பிடுவதா?

பதில்: சரியான இடத்தைத் தொட்டீர்கள். பெரிய நிறுவனம் மற்ற சுரங்கங்களின் வருமானத்தில் தாமதத்தைத் தாங்கும். வருமானமே இல்லாத நிறுவனம் புதிய பங்கு வெளியிடும். 10 கோடி பங்கு 20 கோடியானால், சுரங்கம் நன்றாகவே வந்தாலும் அதில் உங்கள் உரிமை விகிதம் பாதிதான். தாமதத்தின் விலையை நீங்கள் கட்டுகிறீர்கள். அதனால்தான் ரொக்க அறிக்கை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: நஷ்டத்தில் விற்றால் வரிச் சலுகை உண்டா?

பதில்: அது என் துறை இல்லை. உங்கள் நாட்டு வரி ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் பெரிய அறிவிப்பு வருமாம். வாங்கலாமா?

பதில்: ரொக்க அறிக்கையைப் படித்தீர்களா?

கேள்வி: என் நிறுவனமும் மூன்று வருடமாகத் தள்ளிப்போடுகிறது. விற்கலாமா?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: 'ஊகிக்கப்பட்ட வளம்' என்று போட்டிருக்கிறார்கள். அதை வைத்துக் கடன் கிடைக்குமா?

பதில்: கடினம். ஊகிக்கப்பட்ட வளம் என்பது குறைந்த ஆதாரத்தில் கணித்த, நம்பகம் மிகக் குறைந்த நிலை. கனிம வளத்தை எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறைப்படி, அதை நேரடியாகத் தாது இருப்பாக, அதாவது லாபத்தில் வெட்டியெடுக்கக்கூடிய அளவாக, மாற்ற முடியாது. சுட்டப்பட்டது, அளவிடப்பட்டது என்ற மேல் நிலைக்கு வர இன்னும் நெருக்கமாகத் துளையிட வேண்டும். அதற்கான செலவு இந்தக் காலாண்டு அறிக்கையில் தெரிகிறதா என்று பாருங்கள். துளையிடலுக்குப் போனதைவிட நிர்வாகச் செலவு அதிகமென்றால், ஏன் என்று பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள்.