ஒரே அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன்) டிவியில் மறைக்கப்படும் ரத்தம், ப்ளூ-ரே டிஸ்க்கில் மட்டும் எப்படி வருகிறது?

ஜப்பானில் டிவி ஒளிபரப்புக்கும் டிஸ்க் விற்பனைக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. கொடூரமான தொடர்கள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித்தான் ஒளிபரப்பாகும். ஆனாலும் டிவி யார் கண்ணிலும் படலாம் என்பதால், நிலையங்கள் தங்கள் விதிப்படி காட்சிகளை மறைக்கச் சொல்லும். 2014-இல் வந்த 'டோக்கியோ கூல்' (Tokyo Ghoul) தொடரின் டிவி பதிப்பில் காயங்கள் மேல் கறுப்பு நிழல் விழும். சில இடங்களில் நிறங்களையே தலைகீழாக்கிவிட்டார்கள். என்ன நடக்கிறதென்றே புரியாது! ப்ளூ-ரேவில் அந்த மறைப்புகள் நீங்கின. காசு கொடுத்து வாங்குபவர் தெரிந்தேதான் வாங்குகிறார், அப்புறம் டிஸ்க் விற்க அதுவே ஓர் ஈர்ப்பும்கூட.

டிவியைத் தாண்டி விற்கும் இந்த வழி, 1983-இல் 'டல்லோஸ்' என்ற அனிமே நேரடியாக வீடியோவில் வெளியானபோதே திறந்துவிட்டது. டிவியில் காட்டவே முடியாத வன்முறைப் படங்கள் பிறகு வீடியோவில் நிறைய வந்தன. அவற்றில் பல வெறும் அதிர்ச்சிக்காக எடுக்கப்பட்டவை என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் அப்படி ஒதுக்க முடியாது, சரி. அதே 1983-இல் திரையரங்குக்கு வந்த 'பேர்ஃபுட் ஜென்' என்ற அனிமே படம், ஹிரோஷிமா குண்டுவீச்சில் மனித உடல்கள் உருகுவதை நேராகவே காட்டுகிறது. மூலக் கதையை எழுதி வரைந்த கெய்ஜி நகாசாவா, ஆறு வயதில் அந்தக் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். அந்தக் காட்சியில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.