கேள்வி பதில்: முன்பின் கேட்டிராத டச்சு வினைக்கு இறந்தகாலம் எப்படி அமைகிறது?

டச்சு மொழியின் வினைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்துத் தருகிறேன். எழுத்து முறை குறித்து முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டச்சு இறந்தகால விகுதி இரண்டு வடிவங்களில் வரும். ‘பட்டு’ என்பதில் ஒலிப்பது போன்ற வல்லோசையுடன் வருவதை ‘-ட்டெ’ என்றும், ‘வண்டு’ என்பதில் ஒலிப்பது போன்ற மெல்லிய ஓசையுடன் வருவதை ‘-டெ’ என்றும் எழுதுகிறேன். ஸகரத்தின் அதிர்வுடைய இணையொலியை ‘ஃஜ்’ என்று குறிக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் டச்சு கற்று வருகிறேன். ‘கொஃப்ஸ்ஹிப்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் இறந்தகாலம் தவறாது என்று வகுப்பில் சொல்கிறார்கள். அது உண்மையா?

உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனையுடன். கொஃப் என்பது பழைய பாய்மரச் சரக்குக் கப்பல்களில் ஒரு வகை. முன்னால் ஒரு டகரத்தையும் சேர்த்து அந்தப் பெயரை எழுதினால், அதில் உள்ள மெய்யொலிகள் அனைத்தும் தொண்டை அதிராமல் பிறப்பவையாக இருக்கும். வினையடி அவற்றில் ஒன்றில் முடிந்தால் ‘-ட்டெ’, இல்லையென்றால் ‘-டெ’. நாய் குரைப்பதைக் குறிக்கும் ‘பிளஃபன்’ ‘பிளஃப்ட்டெ’ ஆவதும், வாழ்வதைக் குறிக்கும் ‘லேவன்’ ‘லேஃப்டெ’ ஆவதும் இப்படித்தான்.

வினையின் முழு வடிவம், அதாவது ‘லேவன்’ போல ‘-அன்’ என்ற இறுதியோடு வருவது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. டச்சில் சொல்லின் இறுதியில் வரும் அதிர்வுடைய மெய் தன் அதிர்வை இழந்துவிடும். அதனால் ‘லேவன்’ என்பதில் உள்ள வகரம், ‘நான் வாழ்கிறேன்’ என்று சொல்லும்போது ‘இக் லேஃப்’ என்று ஃபகரமாகவே காதில் விழும். ‘நான் குரைக்கிறேன்’ என்று ஒரு நாய் கதையில் பேசினாலும் ‘இக் பிளஃப்’ என்றுதான் முடியும். இரண்டு வினைகளின் இறுதியும் ஒன்றுபோல் ஒலிக்க, இறந்தகாலத்தில் மட்டும் அவை பிரிந்து நடக்கின்றன.

கேள்வி: அப்படியானால், ஒரு புதிய வினையைத் தன்மை நிகழ்கால வடிவில் மட்டும் கேட்கும் டச்சுக்காரர் என்ன செய்வார்? நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லையே?

இலக்கண நூல்களும் நெடுங்காலம் அப்படித்தான் கருதின; இறுதி மெய்யின் மூல வடிவம் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே மனத்தில் பதிந்திருக்க வேண்டியது, அதை ஊகிக்க இயலாது என்றன. நெய்மேகன் நகரைச் சார்ந்து ஆய்வு செய்த மிர்யம் எர்னெஸ்டஸ், ஹரால்ட் பாயன் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. மொழியில் இல்லாத, புனைந்த வினைகளைத் தன்மை நிகழ்கால வடிவில் ஒலிக்கச் செய்து, அவற்றின் இறந்தகாலத்தை எழுதும்படி டச்சுக்காரர்களைக் கேட்டார்கள். விடைகள் சிதறிக் கிடக்கவில்லை. அந்தப் புனைசொல்லோடு ஓசையில் ஒத்துப்போகும் உண்மையான சொற்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, விடைகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஒத்த சொற்கள் இரு பக்கமும் பிரிந்து நின்ற இடத்தில் விடைகளும் பிரிந்தன. கேட்டறியாத ஒரு சொல்லைப் பற்றி ஒரு மொழிச் சமூகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் ஐயமும் ஒரே அளவில் உறுதியும் கொண்டிருப்பதை, மொழியியல் காட்டிய மிக அழகான செய்திகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: அந்த ஓசை ஒப்புமையைச் சில எடுத்துக்காட்டுகளுடன் விளக்க முடியுமா?

தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது எளிது; நமக்குக் குறிலும் நெடிலும் இளமையிலேயே பழகியவை. ஃபகரத்தில் முடியும் ஓர் அடியை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் நெடில் வந்தால் மூல ஒலி வகரமாக இருப்பதே வழக்கம். வாழ்வதற்கு ‘லேவன்’, நடுங்குவதற்கு ‘பேவன்’, கொள்ளையடிப்பதற்கு ‘ரோவன்’, தோண்டுவதற்கு ‘ஹ்ராவன்’ என்று அந்தக் கூட்டம் பெரியது. குறில் வந்தால் மூல ஒலி ஃபகரமே: குரைக்கும் ‘பிளஃபன்’, தண்டிக்கும் ‘ஸ்ட்ரஃபன்’, மூச்சிரைக்கும் ‘பஃபன்’. ஆகவே ‘இக் டாஃப்’ என்று நான் ஒரு சொல்லைப் புனைந்து சொன்னால் ‘டாஃப்டெ’ என்ற விடையையும், ‘இக் டிஃப்’ என்றால் ‘டிஃப்ட்டெ’ என்ற விடையையும் எதிர்பார்க்கலாம்.

பகரத்தில் நிலைமை வேறு. நடப்பது, நிறுத்துவது, நம்பிக்கை கொள்வது என எண்ணற்ற வினைகள் வல்லோசைப் பகரத்தில் முடிகின்றன. ‘கம்பு’ என்பதில் வரும் மெல்லோசைப் பகரத்தில் முடிபவை, சொறிவதைக் குறிக்கும் ‘க்ரபன்’, தேய்த்துக் கழுவுவதைக் குறிக்கும் ‘ஸ்ஹ்ரொபன்’ போன்ற மிகச் சில. எனவே பகரத்தில் முடியும் புதிய வினைக்கு ‘-ட்டெ’ என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுவார்கள்.

உண்மையான தடுமாற்றம் ஸகரத்தில்தான். குறிலுக்குப் பின் சிக்கல் இல்லை; கழுவும் ‘வஸன்’ ‘வஸ்ட்டெ’ ஆகும். நெடிலுக்கும், ஐகாரம் போல இரண்டு உயிரொலிகள் இணைந்த கூட்டுயிருக்கும் பின்னால்தான் இரு அணிகள் எதிரெதிரே நிற்கின்றன. பயணம் செய்யும் ‘ரெய்ஃஜன்’ ‘ரெய்ஸ்டெ’ ஆகிறது. கோரிக்கை வைக்கும் ‘எய்ஸன்’ ‘எய்ஸ்ட்டெ’ ஆகிறது. வீடு மாறுவதற்கான வினையில் ஃஜகரமும், இலைகள் சலசலப்பதற்கான வினையில் ஸகரமும் ஒரே கூட்டுயிரின் பின்னால் வருகின்றன. இத்தகைய ஓசையுள்ள புதிய சொல்லைக் கொடுத்தால் ஒரே வீட்டில் இருவர் இரு விடை சொல்லக்கூடும். அதில் வியப்பதற்கு ஏதும் இல்லை.

கேள்வி: இது புனைசொல்லுக்கு மட்டும் பொருந்துவதா, நன்கு தெரிந்த வினைகளிலும் நடப்பதா?

தெரிந்த வினைகளிலும் நடக்கிறது. அதே இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான வினைகளுக்கு விகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒத்த ஓசையுள்ள சொற்கள் எதிர்ப்பக்கம் இழுக்கும் வினைகளில் விடை சொல்லக் கூடுதல் நேரம் பிடித்தது. பிழைகளும் கூடுதலாக வந்தன. விதியைக் கற்ற, தாய்மொழியாகப் பேசும் ஒருவருக்கும் சொற்களின் சுற்றம் பின்னணியில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ஆகவே இத்தகைய பிழைகளைக் கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் தள்ளிவிடுவது நியாயம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. அங்கே செயல்படுவது மொழியறிவுதான்.

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து வரும் வினைகளை என்ன செய்கிறார்கள்?

தயங்காமல் தம் விகுதியைச் சேர்த்துவிடுகிறார்கள். தொலைநகல் அனுப்பினால் ‘ஃபாக்ஸ்ட்டெ’, மின்னஞ்சல் அனுப்பினால் ‘மெய்ல்டெ’, இணையத்தில் தேடினால் ‘கூகல்டெ’. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்ப்பதே முறை. பந்தயத்தில் ஓடும் ‘ரேஸன்’ ஸகர ஒலியில் முடிவதால் ‘-ட்டெ’ பெறுகிறது. அலைச்சறுக்கு விளையாடும் ‘சர்ஃபன்’ சுவையானது. டச்சின் அதிகாரபூர்வச் சொற்பட்டியலின்படி ‘சர்ஃப்ட்டெ’ என்பது சரி. ஆனால் துணிவதற்கும் வண்ணம் பூசுவதற்கும் உரிய வினைகள் ரகரத்துக்குப் பின் வகரம் கொண்டு ‘-டெ’ பெறுவதால், ‘சர்ஃப்டெ’ என்ற வடிவமும் எளிதாக வாயில் வந்துவிடுகிறது.

கேள்வி: உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டும் வினைகளும் டச்சில் உண்டே? புதிய வினை அந்தக் குழுவில் சேருமா?

அரிதாகச் சேர்ந்திருக்கிறது. எழுதுவதைக் குறிக்கும் ‘ஸ்ஹ்ரெய்வன்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ஆயினும் அது ‘ஸ்ஹ்ரேஃப்’ என்று உயிர்மாற்றம் பெற்றது. கேட்பதைக் குறிக்கும் ‘ஃப்ராஹன்’ முன்பு விகுதி பெற்ற வினையாக இருந்து, இன்று ‘ஃப்ரூஹ்’ என்று வழங்குகிறது. ஆனால் இன்று பிறக்கும் வினைகள் ஏறத்தாழ எல்லாமே விகுதியைத்தான் நாடுகின்றன. இதற்கு மிகச் சிறந்த சான்று வீட்டிலேயே இருக்கிறது. உறிஞ்சுவதைக் குறிக்கும் ‘ஃஜாய்ஹன்’ இறந்தகாலத்தில் ‘ஃஜோஹ்’. தூசியுறிஞ்சியால் வீட்டைச் சுத்தம் செய்யும் ‘ஸ்டொஃப்ஃஜாய்ஹன்’ மட்டும் ‘ஸ்டொஃப்ஃஜாய்ஹ்டெ’. பழைய வினையை உள்ளே வைத்திருந்தும், புதிய சொல்லாகப் பிறந்ததால் அது புதிய வினைகளின் வழியிலேயே செல்கிறது.

கேள்வி: குழந்தைகள்?

நடந்ததைச் சொல்ல ‘லீப்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘லோப்ட்டெ’ என்பார்கள். அதிலும் அடியின் இறுதிக்கேற்ற விகுதி அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: தமிழில் இதற்கு நிகரான ஒன்று உண்டா?

உண்டு. ஓடு, ஆடு, தேடு, மூடு என நெடிலை அடுத்து டுகரம் வந்தால் ‘ஓடினான், ஆடினான்’ என்கிறோம். விடு, தொடு, சுடு எனக் குறிலை அடுத்து வந்தால் ‘விட்டான்’ என்றோ, ‘எடுத்தான், கொடுத்தான்’ போல ‘-த்தான்’ என்றோ அமைக்கிறோம். ‘போடு’ போன்ற விலக்கு அரிது. ‘ஞாடு’ என்று நான் ஒரு வினையைப் புனைந்தால் நீங்கள் ‘ஞாடினான்’ என்பீர்கள். ‘ஞெடு’ என்றால் ‘ஞெட்டான்’ என்பதா ‘ஞெடுத்தான்’ என்பதா என்று ஒரு கணம் தயங்குவீர்கள். டச்சுக்காரர் ஸகரத்தின் முன் தயங்குவது இதே தயக்கம்தான். ஆனால் ஆங்கில வினைகளை நாம் ‘பண்ணு’ என்ற துணைவினையோடு சேர்த்துக்கொள்வதால், அவர்களைப்போல் அயல் வினைக்கு நேராக விகுதி தேட வேண்டிய தேவை நமக்குப் பெரும்பாலும் எழுவதில்லை.

கேள்வி: உத்ரெக்ட்டிலிருந்து மீண்டும் நானே. அப்படியென்றால் நான் எப்படிப் பயில வேண்டும்?

புதிய வினையை நிகழ்காலத் தன்மை வடிவில் குறித்து வைக்காதீர்கள். முழு வடிவத்தையும் இறந்தகாலத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அதன் அருகிலேயே, ஓசையில் ஒத்த, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு வினைகளையும் எழுதிவையுங்கள். ‘லேவன்’ எழுதும்போது பக்கத்தில் ‘பேவன்’, ‘ரோவன்’ என்று எழுதி, ‘லேஃப்டெ, பேஃப்டெ, ரோஃப்டெ’ என மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ரெய்ஃஜன்’, ‘எய்ஸன்’ போன்ற ஸகர வினைகளுக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத்தான் மனத்தில் பதித்தாக வேண்டும்.