ஒரு நாள் பின் பெஞ்சில்

கேள்வி: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்க எங்கள் பள்ளியில் இரண்டு புது ஆசிரியர்கள் சேர்கிறார்கள். ஒருவர் சின்னக் குழந்தைகளுக்கு எடுத்தவர். மற்றவர் மேல்நிலை வகுப்புகளுக்கு. இருவரையும் தயார்படுத்தும் பொறுப்பு என்னுடையது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் ஆசிரியர் இந்தப் பிள்ளைகளிடம் கொஞ்சிப் பேசுவார், அவர்கள் கூசிப்போவார்கள். இரண்டாமவர் முக்கால் மணி நேரம் நின்று பேசிவிட்டு, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நம்புவார். இருவரும் தங்களுக்குப் பழகிய பிள்ளைகளையே இங்கும் தேடுவார்கள். அதனால் பாடத்திட்டத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆளுக்கொரு மாணவனைக் காட்டி, காலை மணியிலிருந்து கடைசி மணி வரை அவன் போகும் வகுப்புக்கெல்லாம் கூடவே போய்ப் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். ஒரே நாளில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை விதமான விதிகள் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

மீதி, வயதின் விஷயம். பருவமாற்றம் பெண்களுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. அதனால்தான் ஒரே பெஞ்சில் மீசை அரும்பியவனும் பால் முகம் மாறாதவனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். இந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்கும். முதல் பீரியடில் கண் சொருகுபவனைச் சோம்பேறி என்று திட்டும் முன் இது நினைவில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று ஒன்றைச் சொன்னார். ஊரே தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வளரிளம் பருவத்தில் பலமாக இருக்கும். அந்த நினைப்போடு இருப்பவனை நாற்பது பேர் முன்னால் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால், பதிலைப் பற்றியா யோசிப்பான்? மானம் காக்க எதிர்த்துப் பேசுவான். நாம் அதைத் திமிர் என்போம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, ஒத்திகை பார்க்க வைக்க வேண்டும். நீங்கள் வீட்டுப்பாடம் எழுதாத மாணவனாக உட்காருங்கள். முணுமுணுங்கள், முகத்தைத் திருப்புங்கள். அவர்கள் குரலை உயர்த்தாமல் மேசைப் பக்கம் வந்து, "மணி அடித்ததும் இரண்டு நிமிடம் பேசலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகரப் பழகட்டும். சொன்ன பிறகும் அங்கேயே நிற்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை. நகர்ந்துவிட வேண்டும். முதல் நாள் சிரிப்பாக வரும், பரவாயில்லை.

பாடம் எடுப்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை: பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசினால், பிறகு ஜோடியாக ஏதாவது செய்ய விட வேண்டும்.

இருவருக்கும் ஒரே வகுப்புப் பிரிவைக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ஒருவர் வகுப்பில் வாயே திறக்காத பெண் மற்றவர் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்பது வாரம் ஒரு முறை இருவரும் உட்கார்ந்து பேசினால்தான் வெளியே வரும். அந்த அரை மணியைக் கால அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது நடக்காது.