மலாயாவில் நம் பாட்டிமாருக்கு வாக்குரிமை தானாகவே கிடைத்ததா?

"மலாயாவில் பெண்களுக்கு வாக்குரிமை போராட்டமின்றியே வந்தது; நம் பாட்டிமாருக்கு அதில் என்ன பங்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாடநூலில் படித்ததை வைத்துக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படியே நினைத்தவன்தான். ஆயினும் இக்கேள்வியைக் கண்டபின் என் பாட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பாட்டி பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் மாடு வளர்த்து, விடியற்காலையில் வீடு வீடாகச் சென்று பால் ஊற்றியவர். 1955 பொதுத்தேர்தலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே வாக்குரிமை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடியுரிமை பெற்றவர்கள் தாமே முன்வந்து பெயரைப் பதிந்தால்தான் வாக்களிக்க முடியும். அதுவோ கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்திருந்த அவசரகாலம். 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் அடையாள அட்டைக்காக அரசாங்கம் கணக்கெடுத்திருந்த அச்சம் தணியாத நேரத்தில், இன்னொரு தாளில் பெயர் கொடுக்கப் பெண்கள் தயங்கினார்கள்.

பாட்டிக்கு எல்லா வீட்டு அடுக்களைக்கும் வழி இருந்தது. பாலை அளந்து ஊற்றியபடியே, பெயரைப் பதியும்படி பேசுவார். மறுநாளும் அதே பேச்சை எடுப்பார். இசைந்தவர்களிடம் பதிவுத் தாளில் எழுதக் கணவர் பெயரைக் கேட்டால் வேறொரு சங்கடம் எழும், ஏனெனில் அக்காலப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒருவர் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கையால் காட்டினாராம். "முருகனா, வேலாயுதமா, சுப்பிரமணியமா?" என்று பாட்டி ஒவ்வொன்றாகக் கேட்க, மூன்றாவதற்கு அவர் தலையசைத்தாராம்.

இங்கிலாந்துப் பெண்கள் சிறை சென்றார்கள், பால் ஊற்றியவர் செய்ததைப் போராட்டம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அவரை யாருடனும் ஒப்பிட்டு உயர்த்த நான் முயலவில்லை. அந்தத் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேரில் ஹலிமாத்தோன் ஒருவர் மட்டுமே பெண். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் ஏற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும். 2021 டிசம்பரில்தான் 18 வயது நிரம்பியவர்களின் பெயர் தானாகவே பட்டியலில் சேரும் முறை நம் நாட்டில் நடப்புக்கு வந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதிச் சங்கம் ஒன்று வெளியிட்ட ஆண்டுவிழா மலரில், அன்று வாக்காளர் பதிவுக்கு உழைத்தவர்கள் என்று தாத்தாவின் பெயரையும் வேறு சில ஆண்களின் பெயர்களையும் அச்சிட்டிருந்தார்கள். தாத்தா நல்லவர், பாட்டியை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு படியேறி இறங்கியவர் அவர் அல்லர். திருத்தம் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

1955 ஜூலை 27 அன்று பாட்டி பால் வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார். இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே அழைக்கப்பட்டுப் பழகியவர்கள் அவர்கள். எழுத்தர் பட்டியலைப் பார்த்து ஒருவரின் பெயரை உரக்கப் படித்தபோது, கூப்பிடுவது தம்மைத்தான் என்று புரியாமல் அந்த அம்மாள் அசையாது நின்றாராம். பாட்டிதான் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பி வைத்தார்.